உற்றறியும் எந்திரக் கை

கடைக்குச் சென்று வெண்டைக்காய் வாங்கும் பெரியோர் அதன் நுனியை ஒடித்துப் பார்ப்பதை நாம் அனைவரும் கண்டிருக்கிறோம். சட்டென ஒடிந்தால் அது பிஞ்சு. ஒடியாமல் வளைந்தால் முற்றல். காயின் நிறத்தையும் நீளத்தையும் கண் அறியும்; அதன் இளமையை விரலே அறியும். அவ்வாறே துணிக்கடையில் புடவையின் ஓரத்தைக் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே வைத்துத் தேய்த்துப் பார்த்து நெசவின் தரத்தை மதிப்பிடுகிறோம். சப்பாத்தி மாவின் பதம், மாம்பழத்தின் கனிவு, காய்ச்சல் கண்ட குழந்தையின் நெற்றிச்சூடு ஆகிய அனைத்திற்கும் நாம் முதலில் நாடுவது கையைத்தான்.

இத்துணை எளிதாக நாம் செய்யும் இச்செயலை ஓர் எந்திரத்திற்குக் கற்பிப்பது எத்துணை அரிது என்பதையும், அம்முயற்சியில் ஈடுபட்ட அறிவியலாளர் சிலரின் பணியையும், அப்பணியால் யாருக்குப் பயன் என்பதையும் இக்கட்டுரையில் காண்போம். இவ்வாராய்ச்சியில் ஒரு பகுதி நாம் வாழும் சான் ஹோசே நகருக்கு அண்மையிலேயே நிகழ்கிறது என்பது நம் பள்ளி மாணவர்களுக்கு மகிழ்ச்சி தரும் செய்தியாகும்.

தொல்காப்பியர் வகுத்த வரிசை

உயிர்களை அவற்றின் அறிவை அளவுகோலாகக் கொண்டு ஆறு வகையாகப் பகுத்தவர் தொல்காப்பியர். இப்பகுப்பைத் தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் மரபியலில் காணலாம். ஓரறிவு உயிர் என்பது உடம்பால் உற்றறியும் உயிர், தாவரங்கள் இவ்வகையின. அதனோடு சுவை சேர்ந்தால் ஈரறிவு. பின்னர் மணம், காட்சி, கேள்வி என ஒவ்வொன்றாகச் சேர்ந்து, இறுதியில் மனம் என்னும் ஆறாவது அறிவு வந்தடைகிறது. அவ்வாறறிவும் உடையவன் மனிதன்.

இவ்வரிசையில் தொடுவுணர்வு முதலிடம் பெற்றிருப்பது ஈண்டு நோக்கத்தக்கது. பிற அறிவுகள் யாவும் அதன்மேல் அடுக்கப்பட்டவையே. கண்ணில்லாத உயிர்கள் உண்டு. காதில்லாத உயிர்கள் உண்டு. எதனையும் உற்றறியாத உயிரைத் தொல்காப்பியர் தம் பட்டியலில் சேர்க்கவில்லை.

மனிதன் படைத்த எந்திரங்களின் வரலாற்றை நோக்கினால் இவ்வரிசை தலைகீழாகத் திரும்பியிருப்பதைக் காண்கிறோம். கணிப்பொறி முதலில் கற்றது கணக்கு. அஃதாவது ஆறாம் அறிவின் ஒரு சாயல். 1997-ஆம் ஆண்டில் டீப் புளூ என்னும் கணிப்பொறி சதுரங்க உலக வாகையர் காஸ்பரோவை வென்றது. ஆனால் அவ்வெற்றிக்குரிய காய்களைப் பலகையின்மீது நகர்த்தியது ஒரு மனிதரின் கையே. பின்னர்ப் பேச்சைக் கேட்டு எழுதவும், முகத்தைக் கண்டு அடையாளம் கூறவும் எந்திரங்கள் கற்றன. யாவற்றிற்கும் அடிப்படையான ஓரறிவோ இன்றளவும் அவற்றுக்கு முழுமையாக வாய்க்கவில்லை.

நம் பகுதியிலேயே இதற்கொரு சான்று உண்டு. 1966 முதல் 1972 வரை மென்லோ பார்க்கில் உள்ள எஸ்.ஆர்.ஐ. ஆய்வு நிலையத்தில் ‘ஷேக்கி’ என்னும் எந்திரன் உருவாக்கப்பட்டது. தன் செயலைத் தானே திட்டமிட்டு நடமாடிய எந்திரன்களுள் அது முன்னோடி. அதற்குக் காமிராக் கண் இருந்தது. திட்டமிடும் மூளையாகக் கணிப்பொறி இருந்தது. தொடுவுணர்வாக இருந்ததோ, எதிலேனும் முட்டினால் அறிவிக்கும் உணர்கருவிகள் மட்டுமே. ஷேக்கி இப்போது மவுன்டன் வியூ நகரின் கணிப்பொறி வரலாற்று அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டுள்ளது. பெற்றோர் தம் பிள்ளைகளை அழைத்துச் சென்று காட்டலாம்.

நம் கையில் இருப்பது என்ன?

எந்திரக் கைக்கு எது வேண்டும் என அறிய, நம் கையில் எது உள்ளது என முதலில் அறிதல் வேண்டும். ஒரு கையின் உட்புறத் தோலில் தொடுவுணர்வை ஏந்திச் செல்லும் நரம்பிழைகள் சுமார் 17,000 உள்ளன என்று சுவீடன் நாட்டு அறிஞர்கள் கணக்கிட்டனர். இவை நான்கு வகைப்படும். ஒரு வகை, அழுத்தத்தையும் விளிம்பையும் உணர்வது. மற்றொரு வகை, மெல்லிய அசைவையும் வழுக்கலையும் உணர்வது. மூன்றாவது வகை அதிர்வையும், நான்காவது வகை தோல் இழுபடுவதையும் உணர்கின்றன. எனவே தொடுவுணர்வு என நாம் ஒரே சொல்லால் குறிப்பது உண்மையில் நான்கு கருவிகள் ஒருங்கே இசைக்கும் கச்சேரியாகும். சூடும் குளிரும் வலியும் இவற்றினும் வேறானவை.

சுவீடனின் உமியோ பல்கலைக்கழகத்து ரோலண்ட் யோஹான்சன் இந்நரம்பிழைகளின் பணியை 1980-களில் விரிவாக ஆராய்ந்தார். ஒரு பொருளை எடுக்கும்போது, அது நழுவாதிருக்கத் தேவையான அளவைவிடச் சிறிதே மிகுதியாக நாம் அதனை அழுத்துகிறோம். பொருள் வழுக்கத் தொடங்கினால், ஒரு வினாடியில் பத்தில் ஒரு பங்கிற்கும் குறைந்த நேரத்தில் பிடி தானே இறுகுகிறது. நாம் அதனை எண்ணிச் செய்வதில்லை. விரல்நுனிகளை மரத்துப்போகச் செய்து ஒருவரைத் தீக்குச்சி கிழிக்கச் சொன்னபோது அவர் பெரிதும் தடுமாறினார். கண் நன்கு தெரிந்தது. தசைகளும் வலுவாகவே இருந்தன. எனினும் குச்சியை எடுப்பதே அவருக்கு அரும்பாடாயிற்று. எந்திரக் கையின் நிலையும் இதுவே என்பதை நாம் நினைவிற் கொள்ள வேண்டும்.

உடலில் இவ்வுணர்வு எவ்வாறு பிறக்கிறது என்பதும் அண்மையிலேயே தெளிவாயிற்று. சான் பிரான்சிஸ்கோவில் உள்ள கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிட் ஜூலியஸ், மிளகாயின் காரப்பொருளைக் கொண்டு, சூட்டை உணரும் புரதத்தை 1997-இல் கண்டறிந்தார். மிளகாய் நாவில் ‘எரிவது’ ஏன் என்பதற்கு அதுவே விடை. சூடும் காரமும் ஒரே கதவைத் தட்டுகின்றன. லா ஹோயா நகரின் ஆர்டெம் பட்டபூட்டியன் அழுத்தத்தை உணரும் புரதங்களை 2010-இல் கண்டறிந்தார். இவ்விருவருக்கும் 2021-ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது.

பாவும் ஊடும்

எந்திரத்திற்குத் தொடுவுணர்வு அளிப்பதில் உள்ள இடர்கள் மூன்று. முதலாவது, பரப்பு. கண்ணுக்கு ஒரு காமிரா போதும். தொடுவுணர்வோ தோல் முழுதும் பரவியிருத்தல் வேண்டும். இரண்டாவது, தேய்மானம். காமிரா தொலைவிலிருந்து காண்பது. உணரியோ பொருளோடு உராய்ந்தே வாழ்வது. மூன்றாவது, அசைவு. கண் அசையாதிருந்தும் காணும்; விரல் தடவினால்தான் அறியும். தொடுதல் என்பது செய்தியைப் பெறுவது மட்டுமன்று, ஒரு செயலுமாகும்.

முதல் இடரை எடுத்துக்கொள்வோம். ஒரு விரல்நுனியில் 256 உணரிகளை வைத்து ஒவ்வொன்றிற்கும் தனித்தனியே கம்பி இழுத்தால் விரல் மடங்குமா? இதற்கு நெசவாளர் அறிந்த வழியே துணையாகிறது. தறியில் நெடுக்காக ஓடுவது பாவு. குறுக்காக ஓடுவது ஊடு. பாவாக 16 கம்பிகளையும் ஊடாக 16 கம்பிகளையும் வைத்து, இடையே அழுத்தத்திற்கேற்ப மின்தடை மாறும் ரப்பரை வைத்தால், அவை குறுக்கிடும் புள்ளிகள் 16 × 16 = 256. கம்பிகளோ 32 மட்டுமே. ஒரு பாவில் மின்சாரம் செலுத்தி, ஊடுகளை ஒவ்வொன்றாக அளந்தால், எப்புள்ளியில் எவ்வளவு அழுத்தம் என்பது விளங்கிவிடும். 1981-இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் மாணவராக இருந்த டேனியல் ஹில்லிஸ், விரல்நுனி அளவான இடத்தில் 256 உணரிகளை அமைத்து, திருகாணி, மரை, வளையம் போன்ற சிறு பொருள்களைத் தொட்டே இனம் காணும் எந்திர விரலைச் செய்தார்.

சுந்தரத்தின் கையுறை

இனி, நமக்கு நெருக்கமாக ஒலிக்கும் பெயருடைய ஓர் ஆய்வாளரின் பணியைக் காண்போம். சுப்பிரமணியன் சுந்தரம் அதே மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். அவரும் அவருடைய குழுவினரும் செய்த தொடுவுணர் கையுறை பற்றிய கட்டுரை 2019-ஆம் ஆண்டு மே மாதம் ‘நேச்சர்’ இதழில் வெளிவந்தது.

எந்திரத்திற்கு விரல் செய்வதில் மற்றவர் முனைந்திருக்க, சுந்தரம் வேறொரு வினாவை எழுப்பினார். மனிதக் கை ஒரு பொருளைப் பற்றும்போது உள்ளங்கையின் எந்தெந்த இடத்தில் எவ்வளவு அழுத்தம் விழுகிறது? கையின் அறிவைக் கையிடமிருந்தே கற்றாலன்றி எந்திரத்திற்கு அதனை எவ்வாறு கற்பிப்பது? நாம் கண்ணால் கண்டவற்றிற்கு இலட்சக்கணக்கான படங்கள் உள்ளன. கையால் தொட்டவற்றிற்கோ அத்தகைய பதிவு அரிது. இக்குறையை நீக்கவே அவர் கையுறையைக் கருவியாக்கினார்.

பின்னலாடைக் கையுறை ஒன்றின்மேல், அழுத்தினால் மின்தடை மாறும் மென்படலம் ஒட்டப்பட்டது. அதன் இருபுறமும் மின்கடத்தும் நூல்கள் பாவும் ஊடுமாகக் குறுக்கிட்டு ஓடின. அவ்வாறு அமைந்த உணரிகள் 548. இதற்கான பொருள்களின் விலை சுமார் 10 டாலர் மட்டுமே. கடையில் ஒரு வேளைச் சிற்றுண்டிக்கு நாம் செலவிடும் தொகை அது.

கையுறையை அணிந்து குவளை, கத்தரிக்கோல், பந்து, கரண்டி, பேனா போன்ற 26 பொருள்கள் ஒரு கையால் எடுக்கப்பட்டன, உருட்டப்பட்டன, தடவப்பட்டன. அழுத்தத்தின் படங்களாக ஏறத்தாழ 1,35,000 பதிவுகள் திரண்டன. இவற்றைக் கொண்டு கணிப்பொறிக்குப் பயிற்சி அளித்தபோது, கண்ணின் துணையின்றி, அழுத்தப் பதிவை மட்டுமே கொண்டு பொருளை 76 விழுக்காடு வரை சரியாக இனம் கண்டது. பொருளின் எடையையும் சுமார் 60 கிராம் பிழைக்குள் கூறியது.

இப்பதிவுகள் கையைப் பற்றியும் ஒன்றை உணர்த்தின. சுட்டுவிரல், நடுவிரல் ஆகியவற்றின் நுனிகள் பணி செய்யும்போதெல்லாம் கட்டைவிரலும் உடன் பணி செய்கிறது. சுட்டுவிரலின் நடுக்கணு பயன்படும்போதோ கட்டைவிரல் பெரும்பாலும் ஓய்ந்திருக்கிறது. விரல்கள் தனித்தனியே உழைப்பவை அல்ல. ஒன்றின் பணியைச் சார்ந்தே மற்றொன்றின் பணி அமைகிறது. எந்திரக் கையின் எவ்விடத்தில் உணரிகளை நெருக்கமாக வைக்க வேண்டும், எவ்விடத்தில் குறைத்துக்கொள்ளலாம் என்பதற்கு இத்தகைய அறிவு வழிகாட்டும்.

இவ்வெற்றியை நாம் மிகைப்படுத்துதல் ஆகாது. கிளாட்ஸ்கி, லெடர்மன் ஆகிய உளவியலாளர்கள் 1985-இல் வெளியிட்ட ஆய்வில், கண் கட்டப்பட்ட மனிதர்கள் 100 அன்றாடப் பொருள்களைக் கையால் தடவி ஏறத்தாழ 96 விழுக்காடு சரியாகக் கூறினர். பெரும்பாலானவற்றிற்குச் சில வினாடிகளே போதுமாயின. இவ்விரு சோதனைகளின் முறைகளும் வேறாதலின் எண்ணுக்கு எண் ஒப்பிட இயலாது. எனினும் எந்திரம் ஏற வேண்டிய மலையின் உயரத்தை அவை காட்டுகின்றன.

ஸ்டான்ஃபோர்டில் ஒரு செயற்கைத் தோல்

நம் அண்டையிலுள்ள ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் வேதிப்பொறியியல் பேராசிரியர் ஜெனான் பாவ் மற்றொரு வழியில் செல்கிறார். சீனாவின் நான்ஜிங் நகரில் பிறந்த அவர், நியூ ஜெர்சியில் பெல் ஆய்வகத்தில் பணியாற்றி, 2004-இல் ஸ்டான்ஃபோர்டுக்கு வந்தார். உணரிகளைத் தோலின்மீது ஒட்டாமல், தோலையே உணரியாக்குதல் அவரது நோக்கம். வளைய வேண்டும், நீள வேண்டும், உணரவும் வேண்டும்.

சமதளமான ரப்பரை அழுத்தினால் அது எளிதில் அமுங்குவதில்லை. அமுங்கினாலும் விரைவில் மீள்வதில்லை. அவரது குழுவினர் ரப்பரின் பரப்பைக் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய பிரமிடுகளாக வார்த்தனர். பிரமிடுகளின் இடையே காற்று உள்ளமையால் மெல்லிய அழுத்தமும் அவற்றின் நுனியை அமுக்குகிறது. அழுத்தம் நீங்கியதும் அவை உடனே நிமிர்கின்றன. 2010-இல் வெளியான இப்பணியில், ஓர் ஈயின் எடையைக்கூட அத்தோல் உணர்ந்தது. அதே ஆண்டில் பெர்க்லியில் அலி ஜாவே குழுவினரும் நுண்கம்பிகளாலான மின்னணுத் தோலை வெளியிட்டனர். 2018-இல் பாவின் குழுவினர் அழுத்தத்தின் அளவோடு அதன் திசையையும் உணரும் தோலைச் செய்து எந்திர விரலுக்கு அணிவித்தனர். மென்மையான பெர்ரிப் பழத்தை நசுக்காமல் தொடவும் அவ்விரல் அறிந்திருந்தது. பொருள் கீழ்நோக்கி நழுவுகிறதா என்பதை அறியத் திசையுணர்வே முதன்மையானது என்பதை நாம் மறத்தலாகாது.

வேறொரு வழியும் உண்டு. மாசசூசெட்ஸில் எட்வர்டு அடெல்சனும் கிமோ ஜான்சனும் 2009-இல் வெளியிட்ட ‘ஜெல்சைட்’ என்னும் முறையில், மெல்லிய பசைபோன்ற திண்டின் உட்புறத்தை ஒரு காமிரா நோக்குகிறது. பொருள் திண்டில் பதிந்தால், மெழுகில் முத்திரை பதிவதுபோல் அதன் வடிவம் உள்ளே தெரிகிறது. தொடுதலை எந்திரத்திற்குப் பழக்கமான காட்சியாக மாற்றிக்கொள்ளும் உத்தி இது.

யாருக்குப் பயன்?

இவ்வளவு உழைப்பும் எதற்கு என மாணவர்கள் வினவலாம். இரண்டு சான்றுகள் போதும்.

சான் ஹோசேயை அடுத்த சன்னிவேலில் உள்ள நிறுவனம் ஒன்றின் ‘டாவின்சி’ அறுவை எந்திரம் 2000-ஆம் ஆண்டில் அமெரிக்க அரசின் ஒப்புதல் பெற்றது. மருத்துவர் சற்றுத் தள்ளி அமர்ந்து, திரையைப் பார்த்துக் கருவிகளை இயக்குவார். உடலின் உட்பகுதி பெரிதாகவும் தெளிவாகவும் தெரியும். ஆனால் தையல் நூல் எவ்வளவு இறுகுகிறது, திசு எவ்வளவு இழுபடுகிறது என்பது அவரது விரலுக்கு எட்டாது. கண்ணால் கண்டே உய்த்துணர வேண்டும். 2024-இல் ஒப்புதல் பெற்ற ஐந்தாம் பதிப்பில்தான், குறிப்பிட்ட சில கருவிகளின் வாயிலாக அவ்விசையை மருத்துவரின் கைக்குத் திருப்பி உணர்த்தும் வசதி வந்தது. பார்வைக்கும் தொடுவுணர்வுக்கும் இடையே கடந்தவை 24 ஆண்டுகள்.

இரண்டாவது சான்று இன்னும் உருக்கமானது. விபத்தில் கையை இழந்தோர் அணியும் செயற்கைக் கை பற்றும், ஆனால் உணராது. கிளீவ்லாந்தில் டஸ்டின் டைலர் என்னும் பேராசிரியரின் குழுவினர், கையிழந்த இருவரின் எஞ்சிய புயத்து நரம்புகளைச் சூழ மின்முனைகளைப் பொருத்தி, செயற்கை விரல்களின் உணரிகளோடு அவற்றை இணைத்தனர். அம்மனிதர்கள் இல்லாத தம் விரல்களில் தொடுதலை உணர்ந்தனர். செர்ரிப் பழத்தின் காம்பைப் பறிக்கும் சோதனையில், உணர்வு இருந்தபோது பழம் நசுங்குவது வெகுவாகக் குறைந்தது. இழந்த கையில் அவர்களை வாட்டிய வலியும் தணிந்தது. 2014-இல் வெளியான அவ்வாய்வு நமக்கு உணர்த்துவது யாது? கை என்பது பற்றுக்கோல் மட்டுமன்று. தன்னுடையது என ஒருவர் தம் கையை அறிவதே தொடுவுணர்வால்தான்.

சுந்தரத்தின் 10 டாலர் கையுறையின் சிறப்பையும் இங்கேதான் காண்கிறோம். விலையுயர்ந்த அறிவு ஆய்வகத்தோடு நின்றுவிடக்கூடும். எளிய நூலும் படலமும் கொண்டு அதே அறிவைப் பெற முடியுமாயின், சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ கையிழந்த ஓர் இளைஞருக்கும் ஒருநாள் அது எட்டும் என நாம் நம்பலாம்.

மாணவர்கள் செய்து பார்க்க

1. ஒரு துணிப்பையில் சோழி, புளியங்கொட்டை, பொத்தான், சாவி, நாணயம், கிராம்பு ஆகியவற்றை இடுக. கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றையும் தடவிப் பெயரைத் தமிழில் கூறுக. பின்னர் விரலை அசைக்காமல், பொருளை உள்ளங்கையில் வைத்த நிலையிலேயே கூற முயல்க. எது எளிது? ஏன்?

2. தடித்த கையுறை அணிந்து பூத்தொடுக்க முயல்க. கண் தெளிவாகக் காணும் வேலையையும் விரல் ஏன் செய்ய மறுக்கிறது என்பதை உம் சொற்களில் எழுதுக.

3. பாவாக 20 கம்பிகளும் ஊடாக 30 கம்பிகளும் இருந்தால் உணரிகள் எத்தனை? கம்பிகள் எத்தனை?

4. தொல்காப்பியர் கூறும் ஆறறிவுகளையும் வரிசைப்படுத்துக. எந்திரங்கள் அவற்றுள் எவற்றைப் பெற்றுள்ளன எனப் பெற்றோருடன் கலந்து பேசுக.

முடிவுரை

விசயதசமி நாளில் தட்டில் அரிசியைப் பரப்பி, குழந்தையின் சுட்டுவிரலைப் பிடித்து ‘அ’ எழுதுவிப்பது நம் வழக்கம். இன்று இந்நகரில் வளரும் பிள்ளைகள் கண்ணாடித் திரையில் எழுத்துகளைத் தொட்டுப் பழகுகின்றனர். திரையில் ‘அ’வும் ‘ழ’வும் விரலுக்கு ஒன்றே, இரண்டும் வழவழப்பான கண்ணாடிதான். அரிசியிலோ சுழிக்கும் இடத்தில் விரல் சுழல்கிறது. மணிகள் விலகி வழிவிடுகின்றன. எழுத்தின் வடிவத்தைக் கண்ணோடு கையும் கற்கிறது. திரையை நாம் வெறுக்க வேண்டுவதில்லை. நம் பெற்றோர் பலரின் தொழிலே அதனைச் சார்ந்தது. எனினும் வாரம் ஒருமுறை கூடும் இப்பள்ளியில், மணலிலும் அரிசியிலும் காகிதத்திலும் பிள்ளைகளின் விரல்கள் எழுதிப் பழகட்டும். 17,000 நரம்பிழைகளுடன் பிறந்த கை அது. அத்தகைய ஒரு கையைச் செய்துவிட அறிவியலாளர்கள் அரை நூற்றாண்டாக உழைத்து வருகின்றனர். அவர்களுள் ஒருவராக நம் மாணவரும் நாளை விளங்க வாழ்த்துவோம்.